லிஃப்ட் கிட் போட்ட எட்டே மாதத்தில் ஷாக் ஒழுகுகிறது. வெளிச் சாமான் எல்லாமே மட்டம்தானா?

நீங்கள் கேட்டது: காட்டுப்பாதையில் ஓட்டும் வண்டிக்கு, அதை 2 அங்குலம் உயர்த்தும் லிஃப்ட் கிட் போட்டு எட்டு மாதம் ஆகிறது, பின்பக்க ஷாக் (குலுக்கலை அடக்கும் ஷாக் அப்சார்பர்) இரண்டும் ஆயில் ஒழுகுகின்றன, அச்சைச் சேஸியோடு இணைக்கும் கீழ் ஆர்மின் ரப்பர் புஷ்ஷும் கிழிந்துவிட்டது, பேசாமல் கம்பெனி சாமானுக்கே திரும்பிவிடலாமா?

அவசரப்பட்டுக் கழற்றாதீர்கள். இதே கோபத்தில் நான் வாரண்டியில் இரண்டு ஜோடி ஷாக் மாற்றி வாங்கினேன். கையில் இருந்த மூன்றாவது ஜோடியும் ஒழுகியபோதுதான் வேறொரு மெக்கானிக்கிடம் வண்டியைக் காட்டினேன். அவர் ஷாக்கைப் பார்க்கவே இல்லை. அடியில் படுத்து, அச்சுக்கு மேலே, அது ஏறும்போது இடியைத் தாங்க வைத்திருக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரில் விரலை வைத்துத் தேய்த்தார். விரல் முழுக்கத் தூசி. "இந்த ரப்பர் இதுவரைக்கும் அடியே வாங்கினதில்ல தம்பி. அப்போ பள்ளத்துல விழுற அடியெல்லாம் யார் வாங்குறா?" என்றார்.

ஷாக்தான் வாங்கிக்கொண்டிருந்தது. லிஃப்ட் போடும்போது நீளமான ஷாக் போடுகிறோம். விரியும் நீளம் கூடினால் பெரும்பாலும் அமுங்கி நிற்கும் நீளமும் கூடும். பம்ப் ரப்பர் மட்டும் பழைய உயரத்திலேயே இருந்தால், சக்கரம் மேலே ஏறும்போது ரப்பரைத் தொடுவதற்குள் ஷாக் முழுதாக அமுங்கி முட்டிவிடும். உள்ளே பிஸ்டனும் வால்வும் அடிவாங்கும், ராட் லேசாக வளையும், வளைந்த ராட் ஆயிலைத் தடுக்கும் சீல் ரப்பரை அறுக்கும். கண்ணுக்குத் தெரிவது ஆயில் ஒழுகல் மட்டும்தான். காயில் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு அச்சை ஜாக்கியால் மேலே தள்ளிப் பார்த்தபோது, ஷாக் முட்டி நின்ற இடத்தில் ரப்பருக்கும் அச்சுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருந்தது. ரப்பருக்கும் சேஸிக்கும் நடுவே கட்டை வைத்து ரப்பரைக் கீழே இறக்கினோம். பிறகு போட்டது அதே கம்பெனியின் அதே மாடல் ஷாக். இரண்டு வருடமாக ராட் காய்ந்தே கிடக்கிறது.

இதன் மறுபக்கமும் உண்டு, ஷாக் அளவுக்கு மேல் விரிவது. சேஸியைத் தூக்கிச் சக்கரங்களைத் தொங்கவிடுங்கள். ஸ்டாண்டு வைக்காமல் அடியில் போகாதீர்கள். அச்சை ஜாக்கியால் தாங்கிக்கொண்டு ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றி, ஜாக்கியை மெதுவாக இறக்குங்கள். அச்சு இன்னும் கீழே போனால், அதுவரை அதைத் தொங்கவிட்டுப் பிடித்திருந்தது ஷாக்தான். சில வண்டிகளில் கம்பெனியே அப்படித்தான் வைத்திருக்கும், ஆனால் அந்த ஷாக்குக்குள் அதற்கென்று ஒரு தடுப்பு இருக்கும். எல்லா வெளி ஷாக்கிலும் அது இருக்காது. அச்சின் எடையும் பெரிய டயரின் எடையும் ஒவ்வொரு துள்ளலிலும் ராடைப் பிடித்து இழுத்தால் எந்த ஷாக் தாங்கும்? லிமிட் ஸ்ட்ராப் என்ற பட்டையைக் கட்டி, ஷாக் முழுதாக விரிவதற்குச் சற்று முன்பே அச்சை நிறுத்த வேண்டும்.

புஷ் கிழிந்ததற்கு எனக்கு இன்னொரு சந்தேகம். ஆர்ம் போல்ட்டை எப்படி முறுக்கினார்கள்? ரப்பர் புஷ் சுற்றாது. அதன் உள் குழாயோடும் வெளி வளையத்தோடும் ரப்பர் ஒட்டியிருக்கும், அசைவு முழுவதும் ரப்பர் முறுக்குவதில்தான் நடக்கிறது. சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கிவிட்டால், வண்டியைத் தரையில் இறக்கியதுமே புஷ் முறுக்கேறி நிற்கும். அதற்கு மேல் பள்ளம் மேடு வேறு. வண்டி தன் எடையில் நிற்கும்போது கடைசி முறுக்கு கொடுக்க வேண்டும் என்றுதான் சர்வீஸ் புத்தகங்கள் சொல்கின்றன. ஒர்க்‌ஷாப்பில் வண்டியைத் தூக்கி வைத்து வேலை பார்க்கும் அவசரத்தில் பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

கிழிந்ததற்குப் பதிலாக பாலியூரித்தேன் புஷ் போடச் சொல்வார்கள். யோசித்துச் செய்யுங்கள். அது ஒரே திசையில் சுற்றுவதற்கு நல்லது, பக்கவாட்டில் முறுக்குவதற்கு ஆகாது. ஜிம்னி, பழைய டிஃபெண்டர், பேட்ரோல் போல முன் அச்சைச் சேஸியோடு பிடிக்க ரேடியஸ் ஆர்ம் வைத்த வண்டிகளில், ஒரு சக்கரம் ஏறி மறு சக்கரம் இறங்கும்போது புஷ் முறுக்கிக் கொடுத்தே ஆக வேண்டும். புஷ் கொடுக்காவிட்டால் அந்த விசை பிராக்கெட்டின் வெல்டிங்குக்குப் போகும். புஷ் கிழிந்தால் ஒரு நாள் வேலை, பிராக்கெட் கிழிந்தால் கதையே வேறு. புஷ்ஷுக்குப் பதில் உலோகப் பந்து வைத்த ஹைம் ஜாயின்ட் இன்னொரு ரகம். நன்றாக மடங்கும், ஆனால் சேறும் மணலும் நேராக உள்ளே போய் அரைக்கும். பிரேக் பேடு மாதிரி தேய்கிற சாமான் என்று நினைத்தே வாங்க வேண்டும்.

ஸ்டீயரிங் உதறல் வந்தால் முதலில் டாம்பரை (ஸ்டீயரிங் ஆட்டத்தை அடக்கும் சின்ன ஷாக்) மாற்றாதீர்கள். டாம்பர் உதறலை மறைக்குமே தவிர, குணப்படுத்தாது. இரு சக்கரத்தையும் ஒரே அச்சு இணைக்கும் வண்டியை உயர்த்தினால், ஸ்டீயரிங் சக்கரம் திரும்பும் கோட்டின் பின்சாய்வான காஸ்டர் கோணம் குறையும், அச்சைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் பான்ஹார்ட் ராட் அதை ஒரு பக்கம் தள்ளும். அந்த ராடின் போல்ட் லேசாகத் தளர்ந்தால் துளையே முட்டை வடிவமாகிவிடும், பிறகு எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை. பட்டை ஸ்பிரிங் வண்டியென்றால் ஸ்பிரிங்கை அச்சோடு பிடிக்கும் யூ போல்ட்டும் அப்படித்தான். புதிதாகப் போட்டு சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் குறித்த அளவுக்கு முறுக்கும் டார்க் ரெஞ்சால் ஒரு சுற்று பார்த்தே ஆக வேண்டும்.

எல்லாப் பழியையும் மாட்டியவர் மேல் போட்டுவிட முடியாது. மட்டமான சாமான் நிறையவே இருக்கிறது. என் முதல் செட் காயில் ஸ்பிரிங் அப்படித்தான். புது ஸ்பிரிங் முதல் சில வாரம் கொஞ்சம் அமர்வது சகஜம். அது மாதாமாதம் இறங்கிக்கொண்டே போனது. சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து அளந்து எழுதி வைத்திருந்ததால் பிடிபட்டது. ராடின் குரோம் பூச்சும் முக்கியம். பூச்சு மெல்லியதாக இருந்தால் துருப் புள்ளி விழும், அந்தப் புள்ளி ஒவ்வொரு முறையும் சீலைக் கீறும்.

வாங்குவதற்கு முன் நான் இப்போது கேட்பது இரண்டே கேள்வி. முழுதாக விரிந்த நீளமும் அமுங்கிய நீளமும் என்ன? புஷ்ஷும் சீலும் மட்டும் தனியாகக் கிடைக்குமா? இதற்குப் பதில் இல்லாத கிட் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வேண்டாம். ஒரே குழாய் கொண்ட மோனோடியூப் ஷாக்தான் ஒசத்தி என்ற பேச்சையும் அப்படியே நம்ப வேண்டாம். சூட்டைத் தாங்குவதில் அது கெட்டிதான், ஆனால் பிஸ்டன் உரசி ஓடுவதே அந்த வெளிக்குழாயில். ஒரு கல் அடித்துக் குழி விழுந்தால் ஷாக் அங்கேயே மாட்டிக்கொள்ளும். குழாய்க்குள் குழாய் வைத்த ட்வின்டியூப் வெளியே சின்னக் குழியோடு ஓடிக்கொண்டிருக்கும்.

உங்கள் வண்டிக்கு இப்போது செய்ய வேண்டியது, புது ஷாக் கேட்பதற்கு முன் பின்பக்க பம்ப் ரப்பரைப் பார்ப்பது. அதில் அச்சு இடித்த தடம் எதுவும் இல்லாமல் தூசி படிந்து கிடந்தால், கட்டை வைத்து இறக்குங்கள். ரப்பர் முழுக்க நசுங்கிய பிறகும் ஷாக்கில் ஒரு விரல் அளவு மிச்சம் இருக்க வேண்டும். தடம் நன்றாக விழுந்திருந்தும் ஒழுகினால், வாரண்டிக்காரரோடு தாராளமாகச் சண்டை போடலாம்.