கேள்வி - பதில்: வலிக்காத தாடை வீக்கம்

பல்லை உருவாக்கும் திசுக்களிலிருந்து தோன்றும் புற்றுநோயல்லாத கட்டிகளைப் பற்றி வாசகர்கள் எழுதிய கடிதங்களுக்கு, முகத்தாடை அறுவை சிகிச்சைத் துறை மருத்துவர் இந்த இதழில் பதில் அளிக்கிறார்.

என் கணவருக்கு 36 வயது. இடது கீழ்த்தாடையின் பின்பகுதியில் ஓராண்டாக வீக்கம் இருக்கிறது, வலி இல்லை. திசுப் பரிசோதனையில் ‘அமிலோபிளாஸ்டோமா, புற்றுநோய் இல்லை’ என்று வந்திருக்கிறது. ஆனால் தாடை எலும்பில் ஒரு பகுதியையே வெட்டி எடுக்க வேண்டும் என்கிறார் மருத்துவர். புற்றுநோய் இல்லாதபோது எதற்காக இவ்வளவு பெரிய அறுவை? கட்டியை மட்டும் சுரண்டி எடுக்க முடியாதா?
– வாசகி, நாமக்கல்

உங்கள் மருத்துவர் சொன்ன இரண்டுமே சரிதான். அவற்றுக்குள் முரண்பாடு இல்லை. பல் வளரும் காலத்தில் எனாமலை உருவாக்குவதற்கென்று அமைந்த திசுவின் எச்சங்களிலிருந்து அமிலோபிளாஸ்டோமா தோன்றுகிறது. நுரையீரல் போன்ற பிற உறுப்புகளுக்கு அது பரவுவது மிக அரிது என்பதால் அதைப் புற்றுநோய் வரிசையில் வைப்பதில்லை. ஆனால் இருக்கும் இடத்தில் அது அடங்கிக் கிடப்பதுமில்லை. எலும்பை அரித்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் மெதுவாக வளர்கிறது.

உங்கள் கணவருக்கு இருப்பது இந்நோயின் வழக்கமான தோற்றம்தான். ஏறத்தாழ 80 விழுக்காடு அமிலோபிளாஸ்டோமாக்கள் கீழ்த்தாடையில், பெரும்பாலும் கடைவாய்ப் பற்களுக்குப் பின்னால்தான் வருகின்றன. முப்பது, நாற்பது வயதினரிடம் அதிகமாகக் காணப்படும் இந்தக் கட்டி, ஆண் பெண் என்ற வேறுபாடு பார்ப்பதில்லை. தொடக்கத்தில் வலி இருக்காது. முகம் ஒருபக்கம் பருத்திருப்பதைப் பிறர் சொல்லித்தான் பலருக்குத் தெரியவரும். நாளடைவில் பற்கள் இடம் பெயரும், ஆடும்; வேர்கள் கரையும்; தாடையின் வெளிச்சுவரும் உட்சுவரும் புடைத்து மெலியும். எக்ஸ்ரேயில் சோப்பு நுரைக் குமிழிகளைப் போலப் பல அறைகளாக அது தெரிவதுண்டு.

சுரண்டி எடுப்பதில் உள்ள சிக்கல் இதுதான்: எக்ஸ்ரேயில் தெரியும் எல்லையோடு கட்டி முடிந்துவிடுவதில்லை. அதன் செல்கள் எலும்பின் உட்பகுதியில் உள்ள சல்லடை போன்ற இடைவெளிகளுக்குள் நுழைந்து, கண்ணுக்குத் தெரியும் விளிம்பைத் தாண்டியும் சில மில்லிமீட்டர் தொலைவுக்குப் பரவியிருக்கும். அதனால் சுரண்டி மட்டும் எடுத்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் கட்டி திரும்ப வந்ததாகப் பல மருத்துவத் தொகுப்புகள் பதிவு செய்திருக்கின்றன. அப்படித் திரும்பி வருவது சில சமயம் பத்தாண்டுகள் கழித்துக்கூட நிகழ்கிறது. அப்போது செய்ய வேண்டிய அறுவை முதலில் செய்ய மறுத்ததைவிடப் பெரிதாக இருக்கும். இந்தக் காரணத்தால்தான் கட்டியைச் சுற்றி ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் வரை நல்ல எலும்பையும் சேர்த்து எடுக்கிறார்கள்.

ஒன்றை மட்டும் மருத்துவரிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். ‘யூனிசிஸ்டிக்’ எனப்படும் ஒற்றை அறை வகை, பெரும்பாலும் இருபது வயதையொட்டியவர்களிடம், முளைக்காத ஞானப் பல்லைச் சுற்றி ஒரு நீர்க்கட்டியைப் போலவே தோன்றும். அதில் சில உட்பிரிவுகளுக்குச் சிறிய அறுவை போதுமானதாக இருக்கலாம். உங்கள் கணவருக்கு எந்த வகை என்பது திசுப் பரிசோதனை அறிக்கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் கேட்பது உங்கள் உரிமை. எடுத்த எலும்புக்கு ஈடாக, காலின் வெளிப்புற எலும்பிலிருந்து ஒரு துண்டை அதன் ரத்தக் குழாய்களோடு எடுத்துத் தாடையில் பொருத்தும் முறை இன்று நன்கு நிலைபெற்றிருக்கிறது. பின்னர் அதில் செயற்கைப் பற்களையும் பதிக்கலாம். இந்தக் கட்டிகளில் பலவற்றில் ‘பிராஃப்’ என்ற மரபணுவில் மாற்றம் இருப்பது 2014இல் கண்டறியப்பட்டது. அதைக் குறிவைக்கும் மாத்திரைகள் சில நோயாளிகளிடம் கட்டியைச் சுருக்கியிருக்கின்றன. ஆனாலும் வழக்கமான சிகிச்சை இன்றைக்கும் அறுவைதான்; மாத்திரையை எதிர்பார்த்து அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

எட்டரை வயது மகனுக்கு மேல் முன்பற்களில் ஒன்று முளைத்து ஓராண்டாகிறது. பக்கத்துப் பல் இன்னும் வரவில்லை. தானாக வந்துவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். காத்திருக்கலாமா?
– வாசகர், காரைக்குடி

காத்திருக்க வேண்டாம். ஒரு பக்கத்துப் பல் முளைத்து ஆறு மாதம் கடந்தும் அதன் இணைப் பல் வரவில்லை என்றால் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட வேண்டும். இடத்தை அடைத்திருப்பது மிகைப் பல்லாக இருக்கலாம், பழைய அடிபட்ட காயத்தின் விளைவாக இருக்கலாம், அல்லது ஓடன்டோமா என்ற கட்டியாகவும் இருக்கலாம். ஓடன்டோமாவை வளர்ச்சிப் பிசகு என்று சொல்வது பொருத்தம்: எனாமல், டென்டின் எல்லாம் உருவாகியிருக்கும், ஆனால் முறையான பல்லாகச் சேர்ந்திருக்காது. ‘காம்பவுண்ட்’ வகையில் குட்டிக் குட்டிப் பற்கள் கொத்தாக இருக்கும். இது மேல் முன்தாடையில் அதிகம். ‘காம்ப்ளெக்ஸ்’ வகையில் பல்லின் உருவமே இல்லாத கடினமான திரள் இருக்கும். இது கீழ்த்தாடையின் பின்புறத்தில் அதிகம். இரண்டுமே பெரும்பாலும் வலியோ வீக்கமோ தருவதில்லை.

2019இல் சென்னை சவீதா பல் மருத்துவக் கல்லூரியில் ஏழு வயதுச் சிறுவனின் கீழ்த்தாடையிலிருந்து 526 பற்கள் எடுக்கப்பட்ட செய்தி உங்களுக்கு நினைவிருக்கலாம். அது காம்பவுண்ட் வகைதான். செய்தித்தாளில் வருவது அத்தகைய பெரிய எண்ணிக்கைகள் மட்டுமே. வழக்கமாக நாங்கள் பார்ப்பவை மிகச் சிறியவை. முழுமையாக எடுத்துவிட்டால் ஓடன்டோமா திரும்ப வருவது அரிது. அடியில் சிக்கியிருந்த பல் தானாகவே இறங்கி வரலாம், அல்லது கம்பி கட்டி இறக்க வேண்டியிருக்கலாம். வேரின் வளர்ச்சி முடிவதற்குள் தடையை நீக்கினால் அது தானாக இறங்குவதற்கு வாய்ப்பு கூடுதல்.

மகளுக்கு 15 வயது. மேல்வரிசையில் பால் கோரைப் பல் இன்னும் விழவில்லை. அதற்கு மேலே, மூக்கின் பக்கத்தில் மெல்லிய வீக்கம். சீழ்க்கட்டி என்று மூன்று முறை மாத்திரை கொடுத்தார்கள், குறையவில்லை.
– வாசகி, மட்டக்களப்பு

காய்ச்சலும் வலியும் இல்லாமல், சொத்தையும் இல்லாத பல்லுக்கு மேலே இருக்கும் வீக்கத்தைச் சீழ் என்று கருதி நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைத் திரும்பத் திரும்பக் கொடுப்பது எனக்கு ஏற்புடையதல்ல. நிலையான மேல் கோரைப் பல் 11, 12 வயதில் வந்திருக்க வேண்டும். அது எலும்புக்குள் சிக்கியிருக்க, அதைச் சுற்றி ஒரு பை உருவாகியிருக்கக்கூடும். அது பல் உறையில் தோன்றும் நீர்க்கட்டியாகவும் இருக்கலாம், அடினோமட்டாய்டு ஓடன்டோஜெனிக் கட்டியாகவும் இருக்கலாம். பின்னதை நோயாளிகளில் மூன்றில் இரு பங்கினர் பெண்கள், மூன்றில் இரு பங்கு மேல்தாடையில், மூன்றில் இரு பங்கு முளைக்காத கோரைப் பல்லோடு என்று நாங்கள் மாணவர்களுக்குச் சொல்லித் தருவோம். உங்கள் மகளின் வயதும் இடமும் இதற்கு நன்றாகப் பொருந்துகின்றன. ஆயினும் திசுப் பரிசோதனைதான் முடிவைச் சொல்லும். இந்தக் கட்டிக்கு உறை இருப்பதால் சுத்தமாகக் கழன்று வரும்; எலும்பை வெட்ட வேண்டியதில்லை. இரண்டு தாடைகளும் ஒரே படத்தில் தெரியும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரேயை முதலில் எடுங்கள்.

புகையிலை போடுவதாலும் சொத்தைப் பல்லாலும் இந்தக் கட்டிகள் வருமா?
– வாசகர், திருவாரூர்

அப்படி ஒரு தொடர்பு நிறுவப்படவில்லை. புகையிலை கன்னம், நாக்கு, ஈறு ஆகியவற்றின் மேல்தோலில் புற்றுநோயை உண்டாக்குகிறது. அது வேறு நோய், அதற்காகவே அதை விட்டுவிடுங்கள்.

வலி இருந்தால் அது இந்தக் கட்டி இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?
– வாசகி, கோவில்பட்டி

கூடாது. சிமென்டோபிளாஸ்டோமா என்ற கட்டி, பெரும்பாலும் கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப் பல்லின் வேரோடு ஒட்டி வளர்ந்து வலியையும் வீக்கத்தையும் தரும். பல்லின் உள்ளே நரம்பு உயிரோடு இருக்கும் என்பதால் வேர் சிகிச்சை செய்தாலும் அந்த வலி தீராது. பழுதான பல்லால் நீர்க்கட்டியில் கிருமி தொற்றினாலும் வலிக்கும். இன்னொன்றையும் கவனியுங்கள்: வீக்கத்தோடு கீழுதடு மரத்துப்போனாலோ, சில வாரங்களிலேயே வீக்கம் வேகமாகப் பெருகினாலோ, பல் பிடுங்கிய குழியில் சதை வளர்ந்து ரத்தம் கசிந்தாலோ, அவை புற்றுநோயை ஐயுற வைக்கும் அறிகுறிகள்; அந்த வாரத்திலேயே முகத்தாடை அறுவை சிகிச்சை நிபுணரிடம் காட்ட வேண்டும்.