எந்த பிரவுசர் நல்லது? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

பிரவுசர் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

அண்ணா, குரோம், எட்ஜ், பிரேவ், ஓபரா, ஃபயர்ஃபாக்ஸ் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எது பாதுகாப்பானது? (கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

எதற்கு அப்டேட் சுடச்சுட வருகிறதோ அதுதான், தம்பி. நீங்கள் சொன்னவற்றில் ஃபயர்ஃபாக்ஸ் தவிர எல்லாம் உள்ளே ஒரே சரக்கு. குரோமியம் என்ற திறந்த மூல (யார் வேண்டுமானாலும் நிரலைப் பார்க்கக்கூடிய) அடித்தளத்தின் மேல்தான் நிற்கின்றன. எட்ஜும் 2020 ஜனவரியில் அதற்கு மாறிவிட்டது. வேறு இன்ஜின் (பக்கத்தைத் திரையில் வரைந்து காட்டும் உள் பகுதி) வேண்டுமென்றால் ஃபயர்ஃபாக்ஸின் கெக்கோவும், சஃபாரியின் வெப்கிட்டும்தான் பெரிதாக மிச்சம்.

குரோமியத்தில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அதை அடைக்கும் நிரலும் பொதுவில் வந்துவிடும். அந்த நிரலைப் பார்த்தே ஓட்டை எங்கே என்று கெட்டிக்காரத் திருடன் கண்டுபிடித்துவிடுவான். ஆகவே குரோமுக்குத் திருத்தம் வந்த நாளுக்கும் உங்கள் பிரவுசருக்கு வரும் நாளுக்கும் உள்ள இடைவெளிதான் ஆபத்து. பெரிய பிரவுசர்களில் அது பெரும்பாலும் சில நாட்களுக்குள் முடிந்துவிடும். பெயரே கேள்விப்படாத 'சூப்பர் ஃபாஸ்ட்' பிரவுசர்களில் எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

இன்னொன்று. அப்டேட் தானாக இறங்கினாலும், பிரவுசரை மூடித் திறந்தால்தான் அமலுக்கு வரும். ஐம்பது டேப் திறந்துவைத்து, மாதக்கணக்கில் லேப்டாப்பை ஸ்லீப்பிலேயே போடுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் எந்த பிரவுசர் வைத்திருந்தும் புண்ணியமில்லை.

என் லேப்டாப்பில் 4 ஜிபி ரேம்தான். குரோம் ஊர்கிறது. மாற்றினால் வேகம் கூடுமா? (வீட்டிலிருந்து டேட்டா என்ட்ரி வேலை பார்ப்பவர், கரூர்)

கொஞ்சம் கூடும். ஆனால் கனம் பிரவுசரில் இருப்பதைவிட தளங்களில்தான் அதிகம். ஒரு செய்தித் தளத்தைத் திறந்தால் செய்தி கொஞ்சம், மீதியெல்லாம் விளம்பரமும் வேவு பார்க்கும் ஸ்கிரிப்டும்.

குரோம் ரேமைத் தின்பதற்கு நியாயமான காரணமும் உண்டு. 2018-இல் ஸ்பெக்டர் என்ற பிராசஸர் கோளாறு வெளிவந்த பிறகு, ஒவ்வொரு தளத்தையும் தனித்தனி பிராசஸில் (தனித்தனி அறை மாதிரி) பிரித்துவைக்க ஆரம்பித்தார்கள். ஒரு டேபில் உள்ள கெட்ட தளம் பக்கத்து டேபில் உள்ள உங்கள் வங்கிக் கணக்கை எட்டிப் பார்க்காமல் இருக்க ரேமைக் கூலியாகக் கொடுக்கிறோம்.

என் யோசனை: ஃபயர்ஃபாக்ஸ் போட்டு, யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பானைச் சேருங்கள். குரோமில் எக்ஸ்டென்ஷன்களுக்கு (பிரவுசரில் நாம் சேர்க்கும் குட்டி மென்பொருள்கள்) மேனிஃபெஸ்ட் வி3 என்ற விதிகள் வந்தபின் இந்தத் தடுப்பானின் முழு வடிவம் வேலை செய்வதில்லை, லைட் வடிவம்தான். எட்ஜே போதும் என்றால், பயன்படுத்தாத டேபைத் தூங்கவைக்கும் வசதி அதில் இருக்கிறது. குரோமிலும் மெமரி சேவர் உண்டு. ஹார்ட் டிஸ்க்கை எஸ்எஸ்டியாக மாற்றினால் பிரவுசர் மாற்றுவதைவிடப் பெரிய வித்தியாசம் தெரியும்.

விண்டோஸ் 7 கம்ப்யூட்டர், குரோம் நன்றாகத்தான் ஓடுகிறது. மாற்றத்தான் வேண்டுமா தம்பி? (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கும்பகோணம்)

மாற்றத்தான் வேண்டும் ஐயா. விண்டோஸ் 7-க்கு வந்த கடைசி குரோம் 109-ஆம் பதிப்பு, 2023 ஜனவரியில். அதற்குப் பின் தெரியவந்த ஓட்டைகளெல்லாம் உங்களிடம் திறந்தே கிடக்கின்றன. பழைய மெஷினை விட மனமில்லை என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போடச் சொல்லுங்கள், புது ஃபயர்ஃபாக்ஸ் அதில் ஓடும். அதுவரை பென்ஷன் கணக்கை மட்டும் அந்தக் கம்ப்யூட்டரில் திறக்காதீர்கள்.

இன்காக்னிட்டோவில் (பார்த்த தளங்களை பிரவுசர் சேமித்துவைக்காத முறை) போனால் யாருக்கும் தெரியாதுதானே?

உங்கள் வீட்டில் இருப்பவருக்குத் தெரியாது. இன்டர்நெட் கம்பெனிக்கும், அலுவலக நெட்வொர்க்குக்கும், நீங்கள் போன தளத்துக்கும் தெரியும்.

பாஸ்வேர்டை பிரவுசரிலேயே சேமிக்கலாமா? எக்ஸ்டென்ஷன்கள் எத்தனை வரை வைக்கலாம்? (கணக்காளர், ஈரோடு)

சேமிக்கலாம். எல்லாத் தளத்துக்கும் ஒரே பாஸ்வேர்ட் வைப்பதைவிட ஆயிரம் மடங்கு மேல். அதில் பலர் கவனிக்காத லாபம் ஒன்று உண்டு. வங்கி மாதிரியே போலித் தளம் வந்தால் நம் கண் ஏமாறும், பிரவுசர் ஏமாறாது. முகவரி ஒத்துப்போகாததால் பாஸ்வேர்டை நிரப்பாமல் நிற்கும். வழக்கமாக நிரப்புவது நிரப்பவில்லை என்றால் கையால் டைப் அடிக்காமல் முகவரியைப் பாருங்கள். ஆனால் கிராக் செய்த டாலியோ ஃபோட்டோஷாப்போ போடுகிற கம்ப்யூட்டரில் சேமிக்கவே வேண்டாம். அவற்றோடு ஒட்டிவரும் திருட்டு மென்பொருள் முதலில் கைவைப்பது பிரவுசர் பாஸ்வேர்டுகளைச் சேமித்துவைக்கும் பெட்டியில்தான்.

எக்ஸ்டென்ஷனில் எண்ணிக்கையைவிட, யார் கையில் இருக்கிறது என்பது முக்கியம். தி கிரேட் சஸ்பெண்டர் என்று ஒன்று இருந்தது. டேபைத் தூங்கவைத்து ரேமை மிச்சப்படுத்தும், 20 லட்சம் பேருக்கு மேல் வைத்திருந்தார்கள். 2020-இல் கை மாறியது. 2021 பிப்ரவரியில் அதில் தீங்கு நிரல் இருக்கிறதென்று கூகுளே முடக்கியது. நம்பி நிறுவியவர்கள் தவறேதும் செய்யவில்லை, அப்டேட் வழியாகவே விஷம் வந்தது. நான் வைத்திருப்பது இரண்டுதான்: விளம்பரத் தடுப்பான், பாஸ்வேர்ட் மேனேஜர்.

ஐபோனில் குரோமா சஃபாரியா?

எது பிடிக்கிறதோ அது. ஐரோப்பிய ஒன்றியம் போன்ற ஒருசில இடங்கள் தவிர, ஐபோனில் எல்லா பிரவுசருக்கும் இன்ஜின் சஃபாரியின் வெப்கிட்தான்.

அம்மாவுக்கு 68 வயது. ஆண்ட்ராய்டு போனில் 'உங்கள் போனில் வைரஸ்' என்று வந்துகொண்டே இருக்கிறது. எளிமையான பிரவுசர் ஏதாவது? (ஒரு மகள், சிங்கப்பூர்)

பிரவுசரை மாற்றாதீர்கள் அக்கா, பழகியது கைவிட்டுப் போகும். ஏதோ ஒரு தளம் 'நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமா' என்று கேட்டபோது அம்மா அலோ கொடுத்திருப்பார். அந்தத் தளம் அனுப்பும் விளம்பரமாகத்தான் பெரும்பாலும் இருக்கும். குரோம் செட்டிங்ஸில் சைட் செட்டிங்ஸ், அதற்குள் நோட்டிஃபிகேஷன்ஸ். தெரியாத தளங்களை நீக்கிவிட்டு, இனிமேல் எந்தத் தளமும் கேட்கவே கூடாதென்று அங்கேயே அணைத்துவிடுங்கள். வீடியோ காலில் திரையைப் பகிரச் சொன்னால் ஐந்து நிமிட வேலை. அதற்குப் பிறகும் வந்தால், சமீபத்தில் இறக்கிய டார்ச், கிளீனர் மாதிரி ஆப்களில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். அதைத் தூக்கிவிடுங்கள்.