சாலைத் தளம்: விரிசல் முதல் வழுக்கல் வரை, கேள்வி பதில்

கேள்வி: சக்கரம் ஓடும் தடம் முழுக்க முதலைத்தோல் போல விரிசல். மேலே ஓர் அடுக்கு தார் போட்டால் போதுமா?

பதில்: போதாது. அது பாரம் தாங்கிக் களைத்துப்போன தளம். மேலே புதிதாகப் போட்டாலும் அதே விரிசல் அதிலும் எழுந்து வரும். வடிகால் அடைத்திருக்கிறதா, சாலையோரம் தளத்தைவிட உயர்ந்து நீரை மறிக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு பெங்கல்மேன் பீம் வைத்து, பாரத்தின் கீழ் தளம் எவ்வளவு அமிழ்கிறது என்று அளந்து, அடுக்கின் கனத்தை முடிவு செய்யுங்கள். நீரை வெளியேற்றாமல் தாரைத் தொடாதீர்கள்.

கேள்வி: சாலையின் மேடுபள்ளத்தை அளக்கும் சொரசொரப்புக் குறியீடு நன்றாக இருந்தால் சாலை பாதுகாப்பானதுதானே?

பதில்: இல்லை. 80 கி.மீ. வேகத்தில் ஓடும் ஒரு மாதிரிச் சக்கரம் எவ்வளவு மேலும் கீழும் ஆடும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. ஜல்லி தேய்ந்து வழவழப்பான சாலைக்கும் நல்ல எண் வரும். மழையில் அங்கே பிரேக் பிடிக்காது. வழுக்கலை ஊசல் கருவியால் தனியே அளக்க வேண்டும்.

கேள்வி: சாலையின் குலுக்கலைப் பதிவு செய்யும் கைப்பேசிச் செயலி போதுமா?

பதில்: எங்கே குலுங்குகிறது என்று சொல்லும். ஏன் என்று சொல்லாது.

கேள்வி: சாலைப் பொறியாளர்களாகிய நீங்கள், தளத்தின் நிலைக்கு நூற்றுக்கு 30 மதிப்பெண் பெற்ற சாலையை விட்டுவிட்டு 75 பெற்றதற்கு முதலில் செலவழிக்கச் சொல்கிறீர்களே, இது நியாயமா?

பதில்: 75-இல் விரிசலை அடைத்து, மேற்பூச்சு கொடுத்தால் போதும். விட்டால் சில ஆண்டுகளில் அதையும் தோண்டித்தான் போட வேண்டும். 30-ஐ இன்றைக்கே தோண்டித்தான் ஆக வேண்டும். ஓராண்டு தள்ளினாலும் வேலை பெரிதாக மாறாது.

அதே வாசகர்: அந்த ஓராண்டில் குழியில் விழுகிறவர் இரு சக்கர வண்டிக்காரர். அவரிடம் இந்தக் கணக்கைச் சொல்வீர்களா?

பதில்: மாட்டேன். நீங்கள் சொல்வது சரி. நான் அதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். குழி, வழுக்கல், நீர் தேங்கும் தடப்பள்ளம் மூன்றும் மதிப்பெண் வரிசைக்குள் வரக்கூடாது. அவற்றுக்குத் தனிப் பட்டியல், தனிப் பணம், உடனடி வேலை. புதுப்பிக்கும் வரிசைக்கு மட்டும் என் கணக்கு.

இன்னொருவர்: இரண்டும் வீண். லாரிகளை நிறுத்துங்கள்.

பதில்: அதிக பாரத்தை நிறுத்தினால் பாதி நோய் தீரும். அமெரிக்காவின் இலினாயில் 1958 முதல் 1960 வரை நடந்த சோதனை காட்டியது இது: அச்சின் பாரம் இரட்டித்தால் சேதம் ஏறக்குறைய 16 மடங்கு. ஆனாலும் மழை லாரிக்காகக் காத்திருக்காது.

கேள்வி: எங்கள் தெருவிலும் விரிசல். மேலே ஓர் அடுக்கு...

பதில்: முதல் பதில். வடிகால்.

கேள்வி: பாலத்தின் தூணில் வெடிப்பு?

பதில்: என் துறை அன்று. பாலப் பொறியாளரிடம் இன்றே காட்டுங்கள்.