விரலில் ஒரு மோதிரம் – கடிதம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

துப்பறியும் படங்களைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பில் ஜேன் கேம்பியனின் 'இன் தி கட்' படத்தை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போயிருந்தீர்கள். தேடிப் பிடித்துப் பார்த்தேன். கூடவே என் கணவரும் அவருடைய நண்பர்கள் இருவரும். முடிந்ததும் பெரிய வாக்குவாதம். ஒருவர், "கொலைகாரன் யாரென்று முன்பே தெரிந்துவிட்டது, இதெல்லாம் ஒரு மர்மப்படமா?" என்றார். இன்னொருவர், "படுக்கையறைக் காட்சிகளுக்காகவே எடுத்துவிட்டு அதற்குக் கலை என்று பெயர் வைத்திருக்கிறார்கள்" என்றார். என் கணவருக்கு மெக் ரையனை அந்தக் கோலத்தில் பார்க்கவே பிடிக்கவில்லை. எனக்குப் படம் பிடித்திருந்தது. ஏன் பிடித்தது என்று அவர்களிடம் எடுத்துச் சொல்லத்தான் வரவில்லை. இணையத்திலும் பாதிப் பேர் குப்பை என்கிறார்கள், பாதிப் பேர் கொண்டாடுகிறார்கள். ஒரே படத்தைப் பற்றி எப்படி இவ்வளவு வேறுபாடு? யார் சொல்வது சரி?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்த வாக்குவாதம் 2003 அக்டோபரில் அமெரிக்கா முழுக்க நடந்தது. அங்கே சினிமாஸ்கோர் என்றொரு நிறுவனம் இருக்கிறது. படம் வெளியாகும் முதல் நாள் அரங்குக்கு வருபவர்களிடம் சிறு அட்டையைக் கொடுத்து, ஏ முதல் எஃப் வரை மதிப்பெண் போடச் சொல்வார்கள். எஃப்தான் கடைசி. முதல் நாளே காசு கொடுத்து வருபவர்கள் ஆசையோடு வருபவர்கள். அதனால் சுமாரான படத்துக்குக்கூட பி கிடைத்துவிடும். எஃப் வாங்கிய படங்கள் மிகச் சில. அவற்றில் ஒன்று இது. அதற்குச் சரியாகப் பத்து ஆண்டுகளுக்கு முன்தான் 'தி பியானோ' படத்துக்காகக் கான் விழாவில் தங்கப்பனை விருது வாங்கியிருந்தார் கேம்பியன். அந்த விருதைப் பெற்ற முதல் பெண் இயக்குநர் அவர்தான்.

நான் உங்கள் பக்கம். ஆனால் உங்கள் வீட்டு விருந்தினர்கள் சொன்னதைத் தள்ளிவிடவும் மாட்டேன். படத்தின் முடிவு வரை போகாமல் இதைப் பேச முடியாது. இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.

மற்ற வாசகர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நியூயார்க்கில் தனியாக வாழும் ஆங்கில ஆசிரியை ஃப்ரேனி (மெக் ரையன்). தெருப் பேச்சுச் சொற்களைச் சேகரிப்பவள், சுரங்க ரயிலில் ஒட்டியிருக்கும் கவிதை வரிகளைக் குறித்துக்கொள்பவள். ஒரு மதுக்கூடத்தின் நிலவறையில் ஓர் ஆணும் பெண்ணும் நெருக்கமாக இருப்பதை இருட்டில் நின்று பார்க்கிறாள். ஆணின் முகம் தெரியவில்லை. மணிக்கட்டில் பச்சை குத்தியிருப்பது மட்டும் தெரிகிறது. அந்தப் பெண் கொலையாகிறாள். அவள் உடலின் ஒரு பகுதி ஃப்ரேனியின் வீட்டுத் தோட்டத்திலேயே கிடைக்கிறது. விசாரிக்க வரும் துப்பறிவாளன் மல்லாயின் மணிக்கட்டில் அதே பச்சை. இவன் கொலைகாரனாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டுக்கொண்டே அவனோடு உறவு கொள்கிறாள் ஃப்ரேனி.

முதலில் மர்மத்தைப் பற்றிய குறை. அது நியாயமான குறைதான். சந்தேகத்துக்கென்று படத்தில் நிறுத்தி வைத்திருக்கும் ஆட்கள் பலவீனமானவர்கள். கெவின் பேகன் நடித்த பழைய காதலன் நாய்க்குட்டியோடு வந்து பயமுறுத்திவிட்டுப் போகிறார். தொடர்கொலைகாரன் ஒருவனைப் பற்றிக் கட்டுரை எழுதும் கறுப்பின மாணவன் பாத்திரம் என்னை இன்றும் உறுத்துகிறது. நம் சந்தேகத்தைத் திசைதிருப்பத்தான் அவனைக் கொண்டுவந்திருக்கிறார்கள். அந்த இளைஞனுக்குப் படம் நியாயம் செய்யவில்லை. கொலைகாரன் மல்லாயின் கூட்டாளி ரோட்ரிகஸ் என்பதை, மனைவியிடம் நடந்துகொண்ட விதத்துக்காகத் துப்பாக்கி பறிக்கப்பட்டு, பொம்மைத் தண்ணீர்த் துப்பாக்கியோடு அவன் திரிவதைப் பார்த்ததுமே பலர் ஊகித்துவிடுவார்கள். முடிச்சை அவிழ்க்கும் சுகத்துக்காக டிக்கெட் வாங்கியவர்களுக்கு இது ஏமாற்றம்தான்.

ஆனால் கேம்பியனுக்கு அந்த முடிச்சில் அக்கறை இல்லை. அவருக்கு வேறொரு கொலைகாரன் மேல் கண். கொலைகாரன் தன் கையில் சிக்கும் பெண்களின் விரலில் நிச்சயதார்த்த மோதிரத்தை மாட்டுகிறான், ஞாபகமிருக்கிறதா? அதை ஒரு தடயமாக மட்டும் பார்த்துவிட்டுக் கடந்துபோனால் படம் கையைவிட்டு நழுவிவிடும். அப்புறம் அந்தப் பனிச்சறுக்குக் காட்சி. ஃப்ரேனியின் அப்பாவும் அம்மாவும் சந்தித்த கதை, பழைய ஊமைப்படம் போன்ற பழுப்பு நிறத்தில் வருகிறது. உறைந்த குளத்தின் மேல் ஓர் ஆண், கண்ட மாத்திரத்தில் ஒரு பெண்ணிடம் திருமணம் கேட்கிறான். மகள் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் குடும்பப் புராணம் அது. பின்னால் அதே காட்சி கனவில் திரும்ப வரும்போது அப்பாவின் சறுக்குக் காலணி அம்மாவின் கால்களை வெட்டிக்கொண்டு போகிறது. மண்டியிட்டு மோதிரம் நீட்டும் ஆண், உடலைத் துண்டாக்கும் ஆண் என்ற இரண்டு படிமங்களையும் கேம்பியன் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். ஃப்ரேனியின் தங்கை பாலின், திருமணமான ஒருவர் பின்னால் அலைந்துகொண்டு கல்யாணக் கனவிலேயே வாழ்பவள். அவளைத்தான் அந்த மோதிரக்காரன் கொல்கிறான். ஜெனிஃபர் ஜேசன் லீ அந்தப் பாத்திரத்தில் காட்டும் ஏக்கத்தை இன்று நினைத்தாலும் மனசு கனக்கிறது.

உங்கள் கணவருக்கு ஏற்பட்ட சங்கடத்துக்கும் இங்கேதான் பதில் இருக்கிறது. அமெரிக்க ரசிகர்களின் கோபத்தின் வேரும் இதுவே என்பது என் எண்ணம். மெக் ரையன் யார்? 1989-இல் 'வென் ஹாரி மெட் சாலி', 1993-இல் 'ஸ்லீப்லெஸ் இன் சியாட்டில்', 1998-இல் 'யூ ஹேவ் காட் மெயில்' என்று பத்து வருஷம் அந்த மோதிரக் கனவை உலகத்துக்கே கொண்டுசேர்த்த முகம். கடைசியில் எல்லாம் நல்லபடி முடியும் என்ற உறுதியை அந்தச் சிரிப்பு கொடுத்தது. அதே முகம் இந்தப் படத்தில் சோர்ந்து, பழுப்பு முடியோடு, சிரிப்பில்லாமல் வருகிறது. அந்தக் கனவுக்குள் கத்தி இருக்கிறது என்று சொல்கிறது. நமக்குப் பிடித்த நடிகை நிர்வாணமாக நடித்துவிட்டார் என்பது மட்டும் பிரச்சினை என்றால் இவ்வளவு கசப்பு வந்திருக்காது. தங்களுக்குப் பிடித்த படங்களையே இவர் இப்போது மறுக்கிறார் என்ற உணர்வுதான் காயப்படுத்தியது.

இது முதலிலேயே திட்டமிட்டதல்ல என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம். அந்தப் பாத்திரம் நிக்கோல் கிட்மனுக்காக இருந்தது. அவர் விலகித் தயாரிப்பாளர்களில் ஒருவராக மட்டும் நின்றுகொண்டார். கிட்மன் நடித்திருந்தால் நல்ல படமாக வந்திருக்கலாம், ஆனால் இந்த அதிர்ச்சி இருந்திருக்காது. மெக் ரையன் அதற்கு விலை கொடுத்தார். பட வெளியீட்டை ஒட்டி பிபிசியில் பிரிட்டிஷ் தொலைக்காட்சிப் பேட்டியாளர் மைக்கேல் பார்க்கின்சன் அவரைக் கண்ட பேட்டியைப் பாருங்கள். தவறு செய்த பிள்ளையை விசாரிக்கும் தலைமையாசிரியரின் தொனி. மெக் ரையன் ஒற்றை வரிகளில் பதில் சொல்லிவிட்டுப் பேட்டியை முடித்துக்கொள்ளச் சொல்கிறார். திமிர் பிடித்தவர் என்ற பெயர் மெக் ரையனுக்குத்தான் வந்தது. பார்க்கின்சன் 2021-இல்தான் மன்னிப்புக் கேட்டார். பதினெட்டு வருஷம்!

சரி, படுக்கையறைக் காட்சிகள். 1992-இல் வந்த 'பேசிக் இன்ஸ்டிங்ட்' படத்தை உங்கள் நண்பர்கள் நிச்சயம் பார்த்திருப்பார்கள். பாலுணர்வும் கொலையும் கலந்த படம் என்றாலே அதுதான் அளவுகோல். அதில் பெண் ஒரு புதிர். அவள் உடலை ஆணின் கண் வழியாக நாம் துருவுகிறோம். 'இன் தி கட்' படத்தில் பார்க்கிறவள் ஃப்ரேனி. நிலவறைக் காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். அவள் திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை, நிற்கிறாள். அவள் பார்வை அந்த மணிக்கட்டில் தங்குகிறது. கேமரா அவளோடு தங்குகிறது. பின்னால் மல்லாயோடு இருக்கும்போதும் அவளுக்கு என்ன வேண்டும், அது கிடைத்ததா என்பதில்தான் காட்சியின் கவனம். நாற்பதை நெருங்கும் ஒரு பெண்ணின் ஆசையை வெட்கமோ கேலியோ இல்லாமல், தண்டிக்காமல் காட்டும் வணிகப்படங்கள் அன்றும் குறைவு, இன்றும் குறைவு. அந்த ஆசையைப் படம் புனிதப்படுத்தவும் இல்லை. மதுக்கூடத்தில் மல்லாயும் ரோட்ரிகஸும் பேசும் அசிங்கமான பேச்சைத் தாங்காமல் ஃப்ரேனி எழுந்து வெளியேறுகிறாள், வழியில் தாக்கப்படுகிறாள். அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று தெரிந்துதான் மறுபடியும் மல்லாயிடம் போகிறாள். அந்த முரண்பாட்டை அவிழ்க்காமல் அப்படியே நம் முன்னால் வைத்ததுதான் கேம்பியனின் துணிச்சல். பார்வையாளர்களை நிலைகொள்ளாமல் செய்ததும் அதுதான்.

ஒளிப்பதிவைச் சொல்லாமல் விட முடியாது. டியான் பீப் சட்டகத்தின் ஒரு சிறு பகுதியை மட்டும் துல்லியமாக வைத்துக்கொண்டு ஓரங்களைக் கலங்கவிடுகிறார். ஒரு முகம் தெளிவாக இருக்கும், அதன் பக்கத்தில் நிற்கும் ஆள் மங்கலாக இருப்பார். முதல் தடவை எனக்குக் கண் வலித்தது. இரண்டாவது தடவைதான், பயந்துபோன ஒருத்தி உலகத்தை இப்படித்தானே பார்ப்பாள் என்று பட்டது. கவனிக்க வேண்டியது எது, ஆபத்து எந்த மூலையில் என்று தெரியாத பார்வை. படத்தின் தெருக்களில் அமெரிக்கக் கொடிகள் கண்ணில் படுவதையும் கவனித்திருப்பீர்கள். இரட்டைக் கோபுரங்கள் விழுந்த அடுத்த ஆண்டில் எடுத்த படம், நகரமே அந்த மனநிலையில் இருந்தது. இருட்டில், முடிந்தால் பெரிய திரையில் பாருங்கள்.

கடைசியாக முடிவு. சூசன்னா மூர் 1995-இல் எழுதிய நாவலில் கதைசொல்லியான பெண் செத்துப்போகிறாள், தன் சாவையும் அவளே சொல்கிறாள். மூரும் கேம்பியனும் சேர்ந்து எழுதிய திரைக்கதையில் பிழைத்துக்கொள்கிறாள். மல்லாயை வீட்டில் விலங்கிட்டுவிட்டு ஓடி, உண்மையான கொலைகாரனோடே கலங்கரை விளக்கம் வரை போய், அவனைச் சுட்டுவிட்டு, ரத்தக்கறையோடு நடந்தே வீடு திரும்பி, விலங்கிட்ட நிலையிலேயே கிடக்கும் மல்லாயின் பக்கத்தில் படுத்துக்கொள்கிறாள். நாவலை நேசிப்பவர்கள் இதைச் சமரசம் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆசைப்பட்ட பெண் சாகத்தான் வேண்டும் என்பது இந்த வகைப் படங்களின் பழைய சட்டம், கேம்பியன் அதை மீறினார்.

ஆகவே யார் சரி என்று கேட்டால், கொலைகாரனை ஊகித்துவிட்ட நண்பர் சரி. கலைப்போர்வை என்ற நண்பர் சொன்னதை நான் ஏற்கவில்லை. உங்கள் கணவரோடுதான் எனக்கு நிறையப் பேச வேண்டியிருக்கிறது. அவருக்குப் பிடித்த மெக் ரையன் படம் எது என்று கேட்டு எழுதுங்கள். முடிந்தால் நாவலையும் வாசியுங்கள். முடிவை நான் சொல்லிவிட்டேனே என்று தயங்க வேண்டாம். கடைசிப் பக்கத்தில் அந்தக் குரல் என்ன ஆகிறது என்பதை வாசித்துத்தான் உணர முடியும்.

அன்புடன்.