பட்டறைப் பக்கம்: ட்ரில்லிங் மெஷினுக்கு ஒரு மர மேசை

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். மாடியில் சின்னதாகப் பட்டறை வைத்து, வீட்டுக்கு வேண்டிய மர வேலைகளைச் செய்துகொள்கிறேன். 13 எம்.எம். பெஞ்ச் ட்ரில் ஒன்று வாங்கினேன். அலமாரிக் கதவில் ஆட்டோ ஹிஞ்சுக்கு (கதவுக்குள் பதியும் கீல்) குழி எடுக்கலாம் என்று பார்த்தால், மெஷினோடு வந்த இரும்பு மேசை ஒரு சாண்தான் இருக்கிறது. கதவு நிற்கவே மாட்டேன் என்கிறது. வேலைக்குத் தக்கபடி நகர்த்திக்கொள்கிற மாதிரி ஒரு மர மேசை செய்ய வழி சொல்லுங்கள். (வாசகர், கரூர்)

பதில்: அந்த இரும்பு மேசை இரும்பு வேலைக்கென்றே வார்த்தது ஐயா. வைஸை (இரும்பைக் கவ்விப் பிடிக்கும் கருவி) அதன்மேல் முடுக்கித் துளை போடுகிறவருக்கு ஒரு சாண் போதும், நமக்குப் போதாது. தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் நகர வேண்டியது மேசை இல்லை, அதன்மேல் இருக்கும் கைடு, அதாவது மரத்தை ஒட்டி நிறுத்தும் சட்டம். பலகையை ஒருமுறை மட்டம் பார்த்து முடுக்கிவிட்டால் அப்புறம் அதைத் தொடக்கூடாது.

2 அடி அகலம், 14 அங்குல ஆழம் போதும். சின்ன மெஷினில் மேசை மொத்தமும் தூணைப் பிடித்திருக்கும் ஒரே கவ்வியில்தான் நிற்கிறது; பலகை பெரிதானால் ஓரத்தில் பாரம் ஏறித் தொங்கிவிடும். நீளக் கதவென்றால் மறுமுனைக்கு அதே உயரத்தில் தனியாக முட்டுக் கொடுங்கள். பிளைவுட்டை வெட்டுவதற்கு முன் அட்டையில் நறுக்கி வைத்து, பின்னாலுள்ள கவ்வியின் கைப்பிடி இடிக்காமல் சுற்றுகிறதா என்று பார்த்துவிடுங்கள். தூண் வருகிற இடத்தில் அரைவட்டமாக வெட்டி எடுத்துவிடலாம்.

12 எம்.எம். பிளைவுட் இரண்டை ஒட்டிக்கொள்ளுங்கள். மைக்கா மேலே மட்டும் போதும் என்று கடையில் சொல்வார்கள். கேட்காதீர்கள். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் மறுபக்கம் ஈரத்தை இழுத்துப் பலகை வளைந்துவிடும். இரண்டு பக்கமும் ஒட்டுங்கள்.

இந்த மேசையின் உயிர் நடுவில் இருக்கும் மாற்றுக்கட்டைதான். துளை மறுபக்கம் வெளிவரும்போது மரம் பிய்ந்து பிசிறு அடிக்கிறதே, அடியில் இறுக்கமாக ஒரு கட்டை இருந்தால் அது நின்றுவிடும். மேல் பிளைவுட்டில் 80 எம்.எம். சதுரமும், கீழ் பிளைவுட்டில் 60 எம்.எம். சதுரமும் வெட்டினால் சுற்றிலும் 10 எம்.எம். படி கிடைக்கும். அதன் நான்கு மூலையிலும் ஒரு சின்ன ஸ்குரூ இறக்குங்கள். எம்.டி.எஃப். (அழுத்திய மரநார்ப் பலகை) துண்டை அதன்மேல் வைத்து, ஸ்குரூவை ஏற்றி இறக்கி மேசையோடு மட்டமாக்கலாம். இந்தச் சதுரத்தைப் பிட்டுக்கு (துளை போடும் அலகு) நேர் நடுவில் வெட்டாமல், பக்கவாட்டிலும் முன்பின்னாகவும் 15 எம்.எம். தள்ளி வெட்டுங்கள். கட்டை பழசானதும் கால்திருப்பு திருப்பிப் போட்டால் பிட்டுக்குக் கீழே புது இடம் வரும். ஒரே துண்டு நான்கு முறை உதவும்.

கைடுக்குப் பழைய வீடு பிரித்த தேக்குச் சட்டம் நல்லது. என் பட்டறையில் இருப்பதும் அதுதான். பல காலம் காய்ந்த மரம், வளையாது. அதன் அடி விளிம்பை 3 எம்.எம். சாய்வாக இழைத்துவிடுங்கள். இல்லையென்றால் தூள் அந்த மூலையில் அடைந்து, கதவு கைடை ஒட்டி உட்காராது.

கைடு மேசை விளிம்புக்கு இணையாக இருக்க வேண்டும் என்று மெனக்கெட வேண்டாம். ரம்பத்துக்குத்தான் அந்தக் கவலை. இங்கே பிட்டின் மையத்திலிருந்து கைடு எவ்வளவு தூரம் என்பது ஒன்றே கணக்கு. அதனால் ஒரு முனையை முடுக்கிவிட்டு மறுமுனையை மட்டும் தட்டி அளவு பிடிக்கலாம். அந்த முனை 1 எம்.எம். நகர்ந்தால் நடுவில் பிட் இருக்கும் இடத்தில் அரை எம்.எம்.தான் நகரும். நுணுக்கமாக அளவு வைக்க இதைவிட எளிய வழி இல்லை. உங்கள் ஹிஞ்சுக்கு 35 எம்.எம். குழி, கதவு விளிம்பிலிருந்து 5 எம்.எம். விட வேண்டுமென்றால் கைடிலிருந்து மையம் 22.5. பெட்டியில் உள்ள தாளையும் ஒருமுறை பாருங்கள், ஹிஞ்சுக்கு ஹிஞ்சு இது மாறும். அகலமான பிட் என்பதால் பெல்ட்டை மாற்றி வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக மட்டம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒரு சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியை இரண்டு இடத்தில் மடக்கிச் சக்கில் (பிட்டைக் கவ்விப் பிடிக்கும் வாய்) மாட்டுங்கள். அதன் நுனி மேசையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி இறக்கி, கையால் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். நுனிக்கு அடியில் ஒரு தாளை வைத்து இழுத்தால் நான்கு பக்கமும் ஒரே பிடிமானம் தெரிய வேண்டும். இடம் வலமாகச் சாய்ந்திருந்தால் மேசைக்கு அடியிலுள்ள போல்ட்டைத் தளர்த்திச் சரிசெய்யலாம். முன்பின் சாய்வுக்கு அப்படி வசதி கிடையாது. இரும்புக்கும் பலகைக்கும் நடுவே மெல்லிய தகரத்தைச் செருகுங்கள்.

கேள்வி: கைடு நகர்வதற்கான அலுமினிய டி-டிராக் எங்கள் ஊர்க் கடைகளில் இல்லை. (வாசகர், தேனி)

பதில்: இல்லாவிட்டால் போகிறது. இரும்பு மேசைக்கு வெளியே, பலகையின் இரு பக்கமும் முன்பின்னாக 8 அங்குல நீளத்துக்குக் காடி வெட்டுங்கள். இரு முனையிலும் 9 எம்.எம். துளை போட்டு, நடுவில் ஜிக்சாவால் அறுத்தால் ஆயிற்று. கீழிருந்து 8 எம்.எம். போல்ட், அகல வாஷர், மேலே விங் நட்.

கேள்வி: ஸ்டூல் காலுக்குச் சாய்வாகத் துளை போட மேசையையே சாய்க்கலாமா? (வாசகி, காங்கேயம்)

பதில்: சாய்க்கலாம், ஆனால் திரும்ப மட்டத்துக்குக் கொண்டுவர ஒவ்வொரு முறையும் ஸ்போக்ஸ் கம்பியை எடுக்க வேண்டும். இரண்டு பலகையைப் பியானோ கீலால் இணைத்து, நடுவில் ஆப்பு வைத்துச் சாய்வு பிடியுங்கள். அதை மேசைமேல் சி-கிளாம்ப் போட்டு நிறுத்தினால் போதும்.

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் மகள் இந்த மெஷினில் பழக ஆசைப்படுகிறாள். விடலாமா? (வாசகர், ஈரோடு)

பதில்: கட்டாயம் விடுங்கள். முடியைக் கட்டி, துப்பட்டாவைக் கழற்றிவிட்டு நிற்கட்டும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும், கையுறை வேண்டவே வேண்டாம். பிட் அதைப் பிடித்தால் விரலோடு சுற்றிவிடும். பிட் மரத்தைக் கவ்வினால் மரத்தின் இடதுபக்கம் பின்னால் போகும், வலதுபக்கம் நம்மை நோக்கி வரும். கைடு மாட்டாத நேரத்தில் மரத்தின் நீள முனையைத் தூணுக்கு இடதுபுறம் ஒட்டி வைத்தால், சுற்றும் மரத்தைத் தூண் தடுத்துவிடும். குட்டைத் துண்டென்றால் கையால் பிடிக்காமல் கிளாம்ப் போடச் சொல்லுங்கள். சக் சாவியைக் கையிலிருந்து விடுவதற்கு முன் சக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பதை முதல் நாளே பழக்கிவிடுங்கள்.