எஸ்.ஓ.டேவிஸ் ஏன் பேசவில்லை? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தைப் பற்றிய உங்கள் கட்டுரையில் வேல்ஸைச் சேர்ந்த எஸ்.ஓ.டேவிஸைப் பற்றி ஒரு பத்தி வருகிறது. மந்திரி பதவி பக்கமே போகாமல் கடைசிவரை பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவர், யாருக்கும் தலையாட்டாதவர் என்று பாராட்டியிருந்தீர்கள். அவருடைய மெர்தர் டிட்ஃபில் தொகுதியில்தான் அபர்வான் கிராமம் இருக்கிறது. 1966இல் சுரங்கக் கழிவு மேடு சரிந்து பள்ளிக்கூடத்தைப் புதைத்த அதே ஊர். அந்த மேடு சரியலாம் என்று தனக்கு முன்பே சந்தேகம் இருந்ததாகவும், கிளப்பினால் சுரங்கத்தை மூடிவிடுவார்கள் என்று சும்மா இருந்ததாகவும் விசாரணையில் அவரே சொல்லியிருக்கிறார். படித்ததும் தூக்கிவாரிப் போட்டது. இறந்ததில் 116 பேர் குழந்தைகள். இவரை எப்படிப் பாராட்ட முடிகிறது உங்களால்? இவர் பிறந்த வருடமும் ஆளுக்கொரு விதமாக எழுதப்பட்டிருக்கிறது, ஏன்?

கே.

அன்புள்ள கே.,

பாராட்டியதை வாபஸ் வாங்கும் எண்ணம் இல்லை. ஆனால் உங்கள் கேள்வி நியாயமானது. அந்த மனிதர் ஒரு பத்தியில் அடங்குகிற ஆளும் இல்லை.

ஸ்டீபன் ஓவன் டேவிஸ் சுரங்கத் தொழிலாளியின் மகன். 12 வயதில் தானும் சுரங்கத்துக்குள் இறங்கியவர். பிறந்தது 1886 என்பார்கள், அதற்கும் சில வருடங்கள் முந்தி என்று வாதிடுகிறவர்களும் உண்டு. நீங்கள் பார்த்த குழப்பம் அதுதான். படிக்கப் போனார், தேவாலய ஊழியத்துக்குப் போய்விடுவார் என்று எதிர்பார்த்தார்கள். அவரோ திரும்பவும் சுரங்கத்துக்கே வந்தார். டம்பிள் என்ற ஊரில் தொழிலாளர்கள் அவரை எடை பார்ப்பவராகத் தேர்ந்தெடுத்தார்கள். இந்த வேலையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வெட்டிய நிலக்கரியின் எடைக்குத்தான் கூலி. எடை போடுகிறவரோ முதலாளியின் ஆள். அவர் குறைத்து எழுதினால் அன்றைய கூலியில் துண்டு விழும். அதனால் தொழிலாளர்கள் கைக்காசு போட்டுச் சம்பளம் கொடுத்து, தங்கள் ஆள் ஒருவரைத் தராசுக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொள்வார்கள். சட்டம் அதற்கு இடம் கொடுத்தது, முதலாளி நினைத்த மாத்திரத்தில் அவரை விரட்ட முடியாது. தென் வேல்ஸின் தொழிற்சங்கத் தலைவர்கள் பலர் இந்த வேலையிலிருந்து வந்தவர்கள்தான்.

1918இல் மெர்தரை ஒட்டிய டௌலெய்ஸில் தொழிற்சங்கப் பொறுப்பாளர். 1934 இடைத்தேர்தலில் தொழிற்கட்சி சார்பில் நாடாளுமன்றத்துக்குப் போனார். தொழிற்கட்சியின் முதல் தலைவர்களில் ஒருவரான கீர் ஹார்டி உட்கார்ந்திருந்த தொகுதி அது. ஆனால் டேவிஸ் ஜெயித்த சமயத்தில் ஊர் படுத்துவிட்டது. டௌலெய்ஸ் இரும்பாலை 1930இல் மூடியிருந்தது. ஒரு பெரிய தொழிற்சாலை மூடினால் ஒரு ஊருக்கு என்ன ஆகும் என்பதை தினமும் கண்ணால் பார்த்தவர் அவர். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

நாடாளுமன்றத்தில் அவரைக் கட்டி மேய்ப்பது கட்சிக் கொறடாவால் முடியாத காரியமாக இருந்தது. 1954இல் மேற்கு ஜெர்மனிக்கு மறுபடி ஆயுதம் கொடுப்பதை எதிர்த்து வாக்களித்ததற்காகக் கட்சியின் நாடாளுமன்றக் குழுவிலிருந்து சிலரை விலக்கி வைத்தார்கள், அதில் அவரும் ஒருவர். 1961இல் ராணுவச் செலவு விவகாரத்தில் மறுபடியும் அதே தண்டனை. அந்தத் தடவை கூட இருந்தவர் பின்னாளில் கட்சித் தலைவரான மைக்கேல் ஃபுட். நடுவில் 1955இல் வேல்ஸுக்குத் தனி நாடாளுமன்றம் வேண்டும் என்று தனிநபர் மசோதா கொண்டுவந்தார். கட்சித் தலைமைக்கு அது பிடிக்கவில்லை, சக வேல்ஸ் உறுப்பினர்களிலேயே பெரும்பாலானவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள், மசோதா தோற்றது. வேல்ஸுக்குச் சொந்தப் பேரவை கிடைத்தது 1999இல். சோவியத் யூனியன் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை எனக்கு ஒட்டாது, அது வேறு விஷயம்.

சரி, அபர்வான்.

1966 அக்டோபர் 21, வெள்ளிக்கிழமை காலை ஒன்பதே கால் மணி. அரைப் பருவ விடுமுறைக்கு முந்தின கடைசி நாள். மெர்தர் வேல் சுரங்கத்தின் 7ஆம் எண் கழிவு மேடு சரிந்து பாண்ட்கிளாஸ் தொடக்கப் பள்ளி மீதும் பக்கத்து வீடுகள் மீதும் விழுந்தது. 144 பேர் இறந்தார்கள். அந்த மேட்டை 1958இல் கொட்ட ஆரம்பித்ததே நீரூற்றுகளின் மேல்தான். ஊற்றுகள் வரைபடத்திலேயே இருந்தன. நீதிபதி எட்மண்ட் டேவிஸ் தலைமையிலான ஆணையம் 76 நாள் விசாரித்து, பழியைச் சுரங்கங்களை நடத்திவந்த அரசு நிறுவனமான தேசிய நிலக்கரி வாரியத்தின் மேல் போட்டது. வாரியத்தில் ஒருவர் மேலும் வழக்கு இல்லை, ஒருவருக்கும் வேலை போகவில்லை.

அந்த விசாரணையில்தான் நம் ஆள் நீங்கள் சொல்வதைச் சொன்னார். ஆணையம் அதை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தான் சொல்வதன் தீவிரம் அவருக்கு முழுதாகப் புரிந்ததா என்று சந்தேகப்பட்டது. புரிந்துதான் சொல்கிறார் என்றால், இந்தப் பேரழிவுக்கான தனிப்பட்ட பொறுப்பில் மிகப் பெரிய பங்கு அவருக்கு என்று முடிவுகட்ட வேண்டியிருக்கும் என்றும் எழுதியது. எனக்கென்னவோ புரிந்துதான் சொன்னார் என்று படுகிறது. வாரியத்துக்காரர்கள் நாள்கணக்கில் மழுப்பிக்கொண்டிருந்த கூண்டில் ஏறி, ஒரு கிழவர் யாரும் பிடுங்கிக் கேட்காத ஒன்றைத் தனக்கு எதிராகவே சொல்கிறார். அதைப் புரியாத பேச்சு என்று ஒதுக்குவது ஆணையத்துக்கு வசதியாக இருந்திருக்கலாம்.

அப்படியென்றால் குற்றம் இன்னும் கனமாகிறதே என்பீர்கள். ஆகத்தான் செய்கிறது. ஆனால் இத்தனை தடவை கட்சியை மீறியவர் இங்கே மட்டும் ஏன் வாயை மூடிக்கொண்டார்? லண்டனில் அவர் எதிர்த்து வாக்களித்தபோது நஷ்டம் அவருக்கு மட்டும்தான். கொறடா கோபிப்பார், மந்திரி பதவி கிடைக்காது. அந்த மாதிரி துணிச்சல் அவருக்குச் சுலபம். மெர்தரில் வாயைத் திறந்தால் வேலை போவது அவருக்கு ஓட்டுப் போட்ட சுரங்கத் தொழிலாளிக்கு. டௌலெய்ஸைப் பார்த்தவருக்கு அடுத்த ஊர் எது என்று யோசிக்கத் தெரியாதா? வாரியம் அந்த பயத்தைச் சொல்லி மிரட்ட வேண்டிய அவசியம்கூட இல்லை, அது ஏற்கெனவே ஊரில் இருந்தது.

இதைக் காரணமாகத்தான் சொல்கிறேன், மன்னிப்பாக அல்ல. ஏனென்றால் அதே ஊரில் பேசியவர்களும் இருந்தார்கள். பள்ளிக்குப் பின்னால் கழிவைக் கொட்டுவது ஆபத்து என்று 1963இல் நகரசபைப் பொறியாளர் எழுதிய கடிதம் இருக்கிறது. அந்த மேடு நகர்ந்தால் பள்ளிக்கே ஆபத்து என்று 1964இல் க்வினெத் வில்லியம்ஸ் என்ற கவுன்சிலர் எச்சரித்தார். நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று கேட்கும் உரிமை அவர்கள் இருவருக்கும் இல்லை, டேவிஸுக்கு இருந்தது. அங்கே அவர் தவறினார். மற்ற விஷயங்களில் அவர் காட்டிய நெஞ்சுரத்தை இதைக் கொண்டு நான் அழிக்க மாட்டேன், இதை அதைக் கொண்டு மூடவும் மாட்டேன்.

அப்புறம் நடந்தது பாதிப் பேருக்குத் தெரியாது. அபர்வானுக்கு மேலே மிச்ச மேடுகள் அப்படியே நின்றன. அகற்றும் முழுச் செலவையும் ஏற்க வாரியமும் தயாரில்லை, அரசும் தயாரில்லை. கடைசியில் 1968இல், உலகம் முழுவதிலிருந்து மக்கள் அனுப்பிய நிவாரண நிதியிலிருந்தே 1,50,000 பவுண்டு எடுத்தார்கள். எடுக்க வைத்தது தொழிற்கட்சி அரசு. பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களுக்கு வந்த பணத்தில், கொன்றவர்களின் கழிவை வார வேண்டியதாயிற்று. டேவிஸ் அதை எதிர்த்து நிதிக் குழுவிலிருந்து விலகினார். அந்தப் பணத்தை அரசு திருப்பிக் கொடுத்தது 1997இல், அதுவும் வட்டியில்லாமல். சேர்த்துக் கொடுக்க வேல்ஸ் அரசுக்கு 2007 ஆயிற்று.

1970இல் வயதாகிவிட்டது என்று உள்ளூர்க் கட்சி அவரைக் கழற்றிவிட்டு, டால் லாய்ட் என்ற தொழிற்சங்கக்காரரை நிறுத்தியது. கிழவர் சுயேச்சையாக நின்றார். பிரிட்டனில் கட்சி இல்லாமல் நிற்பவர் பெரும்பாலும் டெபாசிட்டை இழந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். மெர்தரில் எண்ணிப் பார்த்தபோது டேவிஸுக்கு 16,701, லாய்டுக்கு 9,234. அபர்வான் நடந்து நாலு வருடம்கூட முடியவில்லை.

இதை அபர்வான் விஷயத்தில் மக்கள் கொடுத்த தீர்ப்பு என்று சிலர் எழுதுகிறார்கள். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். அந்த வாக்கில் நிவாரண நிதி மேல் இருந்த கோபம் கலந்திருக்கும், நம் ஆளை வெளியே அனுப்ப இவர்கள் யார் என்ற ரோஷமும் இருந்திருக்கும். சும்மா பழக்கத்தில் போட்டவர்களும் இருப்பார்கள். போட்டவர்களில் எத்தனை பேர் அந்த வாக்குமூலத்தை மனதில் வைத்துக்கொண்டு போட்டார்கள் என்று ஓட்டுச் சீட்டு சொல்லாது. டேவிஸ் 1972 பிப்ரவரியில் இறந்தார். ஏப்ரலில் நடந்த இடைத்தேர்தலில் தொழிற்கட்சியின் டெட் ரோலண்ட்ஸ் தொகுதியை மீட்டார், ஆனால் சுலபமாக இல்லை. வேல்ஸ் தேசியவாதிகளான ப்ளைட் கம்ரி நெருங்கி வந்து இரண்டாம் இடம் பிடித்தார்கள். மெர்தர் வேல் சுரங்கம் 1989வரை ஓடியது.