அம்மாவுக்குப் புதுப் போன் வேண்டுமா, பற்றறி மாற்றினால் போதுமா?

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது. சீனியும் பிறஷரும் இருப்பதால் மாதாமாதம் கிளினிக் போகிறார். அவருடைய போனின் பற்றறி ஊதி, பின்மூடி கிளம்பி நிற்கிறது. புதுப் போனும், சீனி பிறஷர் இரண்டையும் காட்டும் கைக்கடிகாரமும் வாங்கச் சொல்லிக் கனடாவில் இருக்கும் அண்ணா காசு அனுப்பியிருக்கிறார். எதை வாங்கலாம்? பழையதை என்ன செய்வது?
- வாசகி, சண்டிலிப்பாய்

பதில்: முதலில் அந்தப் போனை ஓஃப் பண்ணுங்கள், இனிமேல் சார்ஜில் போடவே வேண்டாம். குத்திக் காற்றை எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், தீப்பிடித்துவிடும். திருத்தும் கடையில் கொடுத்து நல்ல பற்றறி ஒன்று போடுவியுங்கள். திரையும் மற்றதும் ஒழுங்காக இருந்தால் அம்மாவுக்கு அதே போன் தாராளமாகப் போதும். போன் ஒன்றினால் சுற்றாடலுக்கு வரும் கேட்டில் பெரும் பங்கு, கோபால்ட்டும் லிதியமும் தோண்டி அதைச் செய்து முடிப்பதற்குள்ளேயே நடந்துவிடுகிறது. ஆகவே இருக்கிற போனை இன்னும் மூன்று வருடம் இழுப்பதுதான் நாம் செய்யக்கூடிய பெரிய நன்மை.

கடிகாரம் வேண்டாம். தோலைக் குத்தாமல் சீனி அளப்பதாகச் சொல்லும் எந்தக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி கொடுக்கவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பெப்ரவரியில் எச்சரித்தது. அந்த இலக்கத்தை நம்பி அம்மா குளிசையைக் கூட்டிக் குறைத்தால் உயிருக்கே ஆபத்து. பிறஷருக்கும் அப்படித்தான், சாம்சங் கடிகாரத்தையே 28 நாளுக்கு ஒருமுறை கைப்பட்டி மெஷினோடு ஒப்பிட்டுச் சரிசெய்ய வேண்டும், அப்படியென்றால் மெஷின் எப்படியும் தேவைதானே. மேற்கையில் பட்டி சுற்றும் மெஷினையே வாங்குங்கள். பட்டியைக் கடையிலேயே அம்மாவின் கையில் சுற்றிப் பாருங்கள், இறுக்கமான சின்னப் பட்டி பிறஷரைக் கூட்டிக் காட்டும். காலையில் குளிசைக்கு முன், ஐந்து நிமிடம் சாய்ந்து இருந்துவிட்டு, பேசாமல் அளக்க வேண்டும்.

போன் உதவுவது இதற்குப் பிறகுதான். மெஷின் காட்டும் இலக்கத்தையும் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தையும் படம் எடுத்து வைத்தால், கொப்பி கையில் இல்லாத நேரத்திலும் டொக்டருக்குக் காட்டலாம், அண்ணாவுக்கும் அனுப்பலாம். குளிசைக்கு அலாரம் வையுங்கள். 1990 இலக்கத்தை முதல் திரையிலேயே போட்டுவிடுங்கள், அந்த இலவச அம்புலன்ஸ் 2018 முதல் யாழ்ப்பாணத்திலும் ஓடுகிறது.

புதுப் போன்தான் என்று அண்ணா அடம்பிடித்தால், கடையில் *#06# அடித்து வரும் 15 இலக்கத்தை, ஐஎம்இஐ (IMEI) என்ற நான்கு ஆங்கில எழுத்துக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு 1909 க்கு எஸ்எம்எஸ் அனுப்பி, போன் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். பற்றுச்சீட்டு கட்டாயம். பிரச்சினை வந்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 இல் முறையிடலாம்.

கழற்றின பற்றறியை வளவில் குப்பையோடு கொளுத்துவதும் கிடங்கில் தாட்டுவதும் இங்கே வழக்கமாகிவிட்டது. தயவுசெய்து செய்யாதீர்கள். எரித்தால் நச்சுப் புகை, தாட்டால் உலோகம் மெல்ல மெல்லக் கீழே இறங்கும். நம் யாழ்ப்பாண மண்ணுக்குக் கீழே வெடிப்பு விழுந்த சுண்ணாம்புக் கல், மேலே ஊற்றுவது கிணற்றுக்குப் போகும், வருடம் முழுக்க ஓடும் ஆறும் கிடையாது நமக்கு. சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் மிதந்தபோது பட்டது போதும். உலகத்தில் 2022 இல் சேர்ந்த 6 கோடி 20 இலட்சம் தொன் மின்னணுக் கழிவில் 22.3 வீதம்தான் முறையாகச் சேகரிக்கப்பட்டது. பற்றறியின் முனைகளில் ஒட்டுநாடா ஒட்டி, காய்ந்த மணல் போட்ட தகர டப்பாவில் வீட்டுக்கு வெளியே வையுங்கள். அனுமதி பெற்ற சேகரிப்பாளர் யார் என்று மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடம் கேட்டு அவரிடமே கொடுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு இதயத்துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறார்கள். போன் பாவிக்கலாமா?
- வாசகர், கொடிகாமம்

பதில்: தாராளமாகப் பாவிக்கலாம். ஆனால் சட்டைப் பையில் வேண்டாம், பேஸ்மேக்கரிலிருந்து 15 சென்ரிமீற்றராவது தள்ளி இருக்க வேண்டும், சில போன்களுக்குள்ளும் உறையின் மூடியிலும் இருக்கும் காந்தம் கருவியின் வேலையைக் குழப்பலாம். கருவி இடப்பக்கம் என்றால் வலது காதில் வைத்துப் பேசச் சொல்லுங்கள்.